வாடகைச் சைக்கிள் நின்றுபோகும் கோடு

நான் வேலைக்குப் போகிற வழியில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் சைக்கிள் செத்துப்போகும். லண்டனின் ஓரத்தில், பஸ்கூட அரைமனதோடு வந்துபோகிற ஒரு பகுதி. நீளமான, மெல்ல மேலேறுகிற தெரு. ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைத் தாண்டியதும், அதுவரை காலுக்குத் துணையாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென்று அடங்கிவிடும். இரும்பு அத்தனையும் என் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கைபிடியில் ஒரு சின்ன விளக்கு சிவக்கும். போன் கோட்டுப் பைக்குள் துடிக்கும்: நீங்கள் சேவை எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள், இங்கே பயணத்தை முடிக்க முடியாது. சுற்றிலும் பார்த்தால் எதுவும் இல்லை. வேலி இல்லை, பலகை இல்லை, தடுப்பு இல்லை. இந்தப் பக்கத்திலும் செங்கல் வீடுகள், அந்தப் பக்கத்திலும் அதே செங்கல் வீடுகள். ஒரே குப்பைத் தொட்டிகள். கண்ணுக்குத் தெரியாத எல்லைக் கோட்டைக் கவனிக்காமல் நடந்துபோகும் ஒரு கறுப்புப் பூனை. முதல் நாள் நான் சைக்கிள் பழுது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கிளினிக்கோடு ஒரு நகரசபை முடிந்து இன்னொரு நகரசபை தொடங்குகிறது. சைக்கிள் கம்பனிக்கு ஒரு சபை அனுமதி கொடுத்திருக்கிறது, மற்றது கொடுக்கவில்லை. நகரசபை எல்லை எதுவென்று பெரியவர்கள் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்ததைக் கேட்டே வளர்ந்த, இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைப் பக்கத்துக்காரி நான். இருந்தும் எல்லையில் வந்து தானாகச் செத்துப்போகிற சைக்கிளை இங்கேதான் கண்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இங்கே தெருவோரத்தில் மோட்டார் பூட்டிய சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். காவலுக்கு ஆள் இல்லை. போனைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். திறப்பதற்கு ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு தொகை. சிக்னலில் நின்றாலும் நிமிடம் ஓடும், மூச்சு வாங்க நின்றாலும் ஓடும். கோடு போட்ட தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, படம் எடுத்து அனுப்பி, முடித்துவிட்டேன் என்று அழுத்தினால்தான் நிற்கும். வேறெங்காவது விட்டால் தண்டம். தொலைத்தால் சைக்கிளின் முழுப் பெறுமதியும் என் தலையில். மலிவாக வேண்டுமென்றால் நிமிடங்களை மொத்தமாக முன்கூட்டியே வாங்கலாம். ஆனால் குறித்த காலத்துக்குள் ஓடி முடிக்காவிட்டால் அவை பாலைப்போலப் பழுதாகிவிடும். ஒரு மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது நான் முதலில் கவலைப்பட்டது, வாங்கி வைத்த நிமிடங்கள் வீணாகப் போகின்றனவே என்றுதான்.

என் ஊர் மருதமுனை. அங்கே சைக்கிள் இரவல் வாங்க ஒரு சதமும் வேண்டாம். ஆனால் கதை கொடுக்க வேண்டும். எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, எப்போது வருவாய், பிள்ளைத்தாச்சியான உன் மூத்த ராத்தாவுக்கு எத்தனை மாதம், எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் சைக்கிள் பூட்டின் திறப்பு கைக்கு வரும். திரும்பி வருவதற்குள் நான் போன இடம் எங்கள் ஒழுங்கையின் அத்தனை வீட்டுக்கும் தெரிந்திருக்கும். வந்த புதிதில், யாரும் எதுவும் கேட்காத இந்தச் சைக்கிள் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அதற்கும் விலை உண்டு என்பது வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நான் செய்வது வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. ஒரு வீட்டில் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, தேத்தண்ணி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். வாசலில் போய் நின்றதும் கம்பனியின் செயலியில் பதிய வேண்டும். பிந்தினால் அலுவலகத்தில் மணி அடிக்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் சமாளிப்பார்கள். என்னைப்போல விசாவில் வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கார் இல்லை. நான் பஸ்ஸை நம்பிப் பலமுறை பிந்தினேன். பிந்திய கணக்குப் பெருகினால் கம்பனி என் விசாவுக்கு ஏற்றிருக்கும் பொறுப்பிலிருந்து விலகிவிடலாம். விலகினால் குறுகிய காலத்துக்குள் வேறு கம்பனி தேட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். நாவிதன்வெளியில் இருந்த வயலை விற்று இங்கே வந்தவளுக்கு வெறும் கையோடு திரும்பிப் போகிற தைரியம் இல்லை. புதிய சட்டப்படி குடும்பத்தையும் கூட்டிவர முடியாது. என் கணவர் இர்ஷாத்தும் மகள் ஹனாவும் மருதமுனையில். ஆகவே சைக்கிள் வாடகை எனக்குச் சொகுசுச் செலவல்ல. விசாவைக் கையில் வைத்திருப்பதற்கு நான் கட்டுகிற வாடகை அது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது, ஐரீனுடைய வீடு. கணவர் இறந்து தனியே வாழ்ந்த மூதாட்டி. மெலிந்த உடம்பு, கூர்மையான வாய். என் பெயர் றிஸ்னா. அவர் ‘ரோஸி’ என்றே கூப்பிட்டார். ஒருநாள் திருத்தினேன். “தெரியும், ரோஸிதான் எனக்கு வாயில் வருகிறது, நீ இருவருமாக இருந்துகொள்” என்றார். அவர் வீட்டுக்குப் போகும் நாட்களில் நான் கிளினிக்குக்கு முன்னால் உள்ள தரிப்பிடத்தில் சைக்கிளை விட்டுவிட்டு, மிச்ச ஏற்றத்தை நடந்தே ஏறுவேன். திரும்பி வரும்போது அந்தச் சைக்கிளை வேறு யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். அப்படியென்றால் அடுத்த வீட்டுக்கும் பிந்துவேன். அந்தக் கோட்டை மிதித்துத் தாண்ட எனக்கு எப்போதும் பயம். தண்டத்துக்கான பயம் மட்டும் என்று சொன்னால் அது பொய்.

மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போக வேண்டுமென்றால் பாண்டிருப்பைத் தாண்ட வேண்டும். எங்களது முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழ் ஊர், அதைத் தாண்டினால் கல்முனை. தெரியாதவனுக்கு எல்லாம் ஒரே நீளத் தெருதான். கடையும் வீடும் மதிலும் விடாமல் தொடரும். எங்களுக்கோ எந்த மதிலோடு எது முடிகிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும். நல்ல நாட்களில் அந்தக் கோட்டுக்கு ஒரு பொருளும் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தயிர் பாண்டிருப்பிலிருந்து வந்தது, அவர்களுடைய சாரமும் சேலையும் எங்கள் ஊர்த் தறிகளிலிருந்து போயின. பிரச்சினை நாட்களில் அந்தக் கோடு உயிரோடு எழுந்து நிற்கும். உயர்தரம் படிக்கும்போது நான் கல்முனைக்கு டியூஷனுக்குச் சைக்கிளில்தான் போவேன். ஒரு பின்னேரம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே கடைக் கதவுகள் இழுத்து மூடப்படும் சத்தம் கேட்டது. எங்கேயோ யாரையோ அடித்துவிட்டார்கள் என்றார்கள். யார், எவர் என்று ஒருவருக்கும் தெரியாது. கூடப் படித்த கல்முனைக்குடி முஸ்லிம் பிள்ளைகள், எங்கள் வீட்டில் நில் என்று கையைப் பிடித்தார்கள். உம்மா அழுவா என்று சொல்லி நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

பாண்டிருப்புத் தெருவில் ஒரு மனிதர் இல்லை. நாய்கூட இல்லை. என் சைக்கிள் சங்கிலியின் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பர்தாவின் ஓரம் சங்கிலியில் மாட்டிவிடக் கூடாதென்று ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இடமும் வலமும் பார்க்காமல் மிதித்தேன். பாதி வழியில் ஒரு வீட்டுப் படலை கொஞ்சம் திறந்தது. ஒரு பெண் தலையை நீட்டினாள். “நிக்காத புள்ள, போ, போ!” என்று கத்தினாள். உடனே படலை மூடிக்கொண்டது. அந்தக் குரல் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதா, துரத்துவதற்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் பேசுவதும் ஒரே தமிழ்தான். அந்த நான்கு சொற்களின் பொருள் மட்டும் எனக்கு எட்டவில்லை. எங்கள் ஊர் முகப்பில் வாப்பா கூட்டத்தோடு நின்றார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கைபிடியைப் பிடித்தவர் நெடுநேரம் விடவில்லை. அதன் பிறகு அந்த வருடம் முழுவதும் என்னை டியூஷனுக்கு விடவில்லை. பரீட்சையில் இரசாயனப் பாடம் கவிழ்ந்தது. பல்கலைக்கழகக் கனவும் அதோடு போனது. அந்த ஒரு சைக்கிள் ஓட்டத்துக்கு நான் கொடுத்த விலை அது.

இப்போது அந்த மழை நாளுக்கு வருகிறேன். குளிர்காலக் காலை. முதல் வீட்டை முடித்துவிட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து மேலாளர் டெபி போன் எடுத்தாள். நேற்றிரவு ஐரீன் வீட்டுக்குப் போக வேண்டிய பெண் சுகமில்லை என்று போகவில்லையாம், இன்று காலையிலிருந்து ஐரீன் போனைத் தூக்கவில்லையாம். “நீதான் பக்கத்தில் இருக்கிறாய், சீக்கிரம் போ” என்றாள். நான் மிதித்தேன். தரிப்பிடம் வந்தது. அங்கே நின்று, படம் எடுத்து, முடித்து, ஏற்றத்தில் நடக்க எனக்குப் பொறுமை இல்லை. கிளினிக்கைத் தாண்டினேன். மோட்டார் செத்தது. விளக்கு சிவந்தது. போன் துடித்தது. இருக்கையிலிருந்து எழும்பி, மழை முகத்தில் அடிக்க, அந்த இரும்பை ஏற்றத்தில் மிதித்தே ஏற்றினேன். ஐரீன் வீட்டு மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வாசலில் உள்ள சின்னப் பெட்டியில் இலக்கங்களை அழுத்தித் திறப்பை எடுத்தேன். முதல் தடவை இலக்கம் பிழைத்தது.

ஐரீன் குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும், “ரோஸி, நான் தரையைத் துடைக்கவில்லை, தெரியுமா, விழுந்துவிட்டேன்” என்றார். உதடு நீலம். எவ்வளவு நேரமாகக் கிடக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அம்புலன்ஸுக்கு அடித்தேன். மறுமுனையில் இருந்த பெண் கேள்விகள் கேட்டுவிட்டு, அசைக்காதே, சாப்பிடக் கொடுக்காதே, சூடாக வைத்திரு, வாகனம் வரும், ஆனால் தாமதமாகும் என்றாள். நான் கட்டில் போர்வைகளை எல்லாம் இழுத்து வந்து போர்த்தினேன். துவாயை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். பிறகு அந்தக் குளிர்ந்த தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். போனை நிலத்தில் வைத்தேன், அம்புலன்ஸ்காரர் திரும்ப எடுக்கலாம் என்று. திரையில் சைக்கிளின் நிமிடக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திய சைக்கிளின் பயணத்தை முடிக்கவும் முடியாது, வெளியே போய்த் தள்ளிக்கொண்டு வரவும் முடியாது. போனைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவை ஓங்கித் தட்டினார்கள். அம்புலன்ஸ் என்று ஓடினேன். மழைக் கோட்டு அணிந்த உயரமான கிழவர் ஒருவர் நின்றார். பக்கத்து வீட்டுக் கென் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முகம் சிவந்திருந்தது.

“இஸ் தட் யுவர்ஸ்?” என்றார், எங்கேயோ கையை நீட்டி. அது உன்னுடையதா என்கிறார்.

ஐரீனைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இந்த வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர் நீதானா என்று. “யெஸ், யெஸ், மைன்” என்றேன்.

“இப்படியே போட்டு வைக்க முடியாது.”

“நான் போட்டுவிட்டுப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன்.”

“அப்படியென்றால் நகர்த்து.”

“நகர்த்தக் கூடாது! நகர்த்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்!” எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “கால் உடைந்திருக்கிறது.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி மதிலில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தார். அது நடைபாதையை மறித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அவரிடம் என்ன சொல்வதென்று தேடுவதற்குள் உள்ளேயிருந்து ஐரீன், “ரோஸி, போகாதே” என்று கூப்பிட்டார். நான் கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. கதவு மட்டும் சாத்தப்பட்டிருந்தது.

அம்புலன்ஸ் வரவில்லை. டெபிதான் போன் எடுத்தாள். முதலில் நல்ல குரல்தான். பிறகு, “றிஸ்னா, உன் அடுத்த வீட்டில் ஒருவர் மருந்துக்குக் காத்திருக்கிறார். அம்புலன்ஸ்தான் வருகிறதே. பக்கத்து வீட்டில் யாரையாவது இருக்கச் சொல்லிவிட்டுப் புறப்படு” என்றாள்.

“என்னால் போக முடியாது” என்றேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு வேலையில் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. “அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புங்கள்.”

“சரி. நாளைக்குக் கதைப்போம்” என்று வைத்துவிட்டாள்.

ஊரில் நாளைக்குக் கதைப்பம் என்றால் இன்றைக்குச் சண்டை வேண்டாம் என்று பொருள். இங்கே மேலாளர் அப்படிச் சொன்னால் நாளைக்கு உனக்கு இருக்கிறது என்று பொருள். விசா, வயல், ஹனாவின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் குசினித் தரையில் என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டன. நண்பகல் லுஹர் தொழுகை நேரமும் போய்க்கொண்டிருந்தது. இருந்த இடத்திலேயே வாய்க்குள் ஓதத் தொடங்கினேன். ஐரீன் கண்ணைத் திறந்து, “என்னோடா பேசுகிறாய்?” என்றார். “இல்லை, இறைவனோடு” என்றேன். “அவனிடம் சொல், எனக்குக் குளிர்கிறது” என்று சொல்லிவிட்டு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் என் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டேன்.

பகல் வெளிச்சம் சோரத் தொடங்கிய பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர், அன்பான கைகள். ஐரீனைத் தூக்கும்போது அவர் கத்திய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. வண்டிக்குள் ஏற்றும்போது என்னைத் தேடினார். “இவளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள், பாவம், வெள்ளையாகிவிட்டாள்” என்றார். கதவு மூடியது, வண்டி போனது. நான் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினால், மதிலோரம் வெறுமையாக இருந்தது. சைக்கிள் இல்லை.

பயணம் என் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டாத சைக்கிள். யார் வேண்டுமானாலும் ஏறிப் போயிருக்கலாம், யாரையாவது இடித்திருக்கலாம். பொலிஸ் வந்தால் முதலில் கேட்பது என் விசாவைத்தான் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. ஊரில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் எங்கே போனாலும் கூடவே வரும். தெருவின் இரு பக்கமும் ஓடிப் பார்த்தேன். இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு ஜன்னல் திரை விலகி மூடியது. பிறகுதான் போனில் வரைபடம் இருப்பது நினைவுக்கு வந்தது. விரல் விறைத்து, திரை நனைந்து, ஒன்றும் அழுந்தவில்லை. மேலாடையில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன். ஒரு புள்ளி தெரிந்தது. இறக்கத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம். ஓடினேன்.

தரிப்பிடத்தில், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில், மற்றச் சைக்கிள்களோடு வரிசையாக அது நின்றது. தாங்கி போட்டு, கைபிடி நேராக்கி, யாரோ ஒழுங்காக நிறுத்தியிருந்தார்கள். நிமிடங்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. படம் எடுத்தேன். முடித்துவிட்டேன் என்று அழுத்தினேன். கணக்கு வந்தது. எல்லை தாண்டியதற்கான தண்டமும் சேர்த்து, என் அன்றைய கூலி முழுவதையும் விழுங்கிவிட்டு மறுநாள் காலைக் கூலியிலும் கைவைத்திருந்தது. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். என் குளிர்க் கோட்டு ஐரீனோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.

அறைக்கு வந்து இர்ஷாத்துக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் சைக்கிளைத்தான் பிடித்தார்.

“அந்தக் கோட்டுக்கு இங்கால வெச்சிட்டு நடந்து போயிரிக்கலாமே புள்ள?”

“நடக்க நேரமில்ல மச்சான். அந்த மனிசி மவுத்தாகிட்டாவோ, உசிரு போயிட்டோ என்ற பயம்.”

“சரி. அம்புலன்ஸ் வாற எண்டு சொன்ன பொறகாவது, டெபி சொன்ன மாதிரிப் போயிரிக்கலாம்.”

“போகாத எண்டு கையப் புடிச்சிக்கிட்டுக் கிடக்கா. எப்பிடிப் போற?”

பின்னால் ஹனா எதையோ உரத்துப் படித்துக்கொண்டிருந்தாள். “இல்ல, நீ செஞ்சது சரிதான்” என்றார். “ஆனா விசாக்கு ஒண்டும் வராதே?” இன்ஷா அல்லாஹ் என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொல்லை அவ்வளவு பயத்தோடு நான் சொன்னதில்லை.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். டெபி கணினியைப் பார்த்தபடியே பேசினாள். தவறவிட்ட வீடு பதிவாகியிருக்கிறது, இது எச்சரிக்கை என்றாள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவளுடைய மேசையில் போன் அடித்தது. பேசப் பேச அவளுடைய குரல் மாறியது. ஐரீனின் மகள் ஜூலி வெளியூரிலிருந்து போன் எடுத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் தனியே கிடந்திருந்தால் அம்மா குளிரிலேயே போயிருப்பார் என்று வைத்தியர் சொன்னாராம். கூடவே இருந்த பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். டெபி போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் பேனாவை உருட்டினாள். எச்சரிக்கையை இம்முறை விட்டுவிடுகிறேன் என்றாள். மூச்சு வந்தது. அந்தத் துணிவில் சைக்கிள் கணக்கைப் பற்றியும் கேட்டேன். “போக்குவரத்து உங்கள் பொறுப்பு, ஒப்பந்தத்தில் இருக்கிறது” என்று இனிமையாகச் சொன்னாள்.

சைக்கிள் கம்பனிக்கும் எழுதினேன். மனிதரா இயந்திரமா என்று தெரியாத ஒருவர் உடனே பதில் தந்தார். நடந்ததைக் கேட்டு மிகவும் வருந்துகிறோம் என்றார். சம்பவத்தின் புகைப்படம் இருக்கிறதா என்றார். குசினித் தரையில் கால் முறிந்து கிடக்கிற மனிசியை நான் ஏன் படம் பிடிக்க வேண்டும்? இல்லை என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து, நல்லெண்ண அடிப்படையில் தண்டத்தை மட்டும் திருப்பித் தருகிறோம், நிமிடங்களைத் தர முடியாது, அந்த நேரம் முழுவதும் நீங்கள் பயணத்தில் இருந்தீர்கள் என்று வந்தது. நான் அசையாமல் ஒரு தரையில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பயணம்.

ஒரு கிழமை கழித்து ஜூலி அம்மாவின் உடுப்புகளை எடுக்க வந்தபோது என்னையும் அந்த வீட்டுக்குக் கூப்பிட்டாள். என் கோட்டையும் கொண்டுவந்திருந்தாள், கழுவி மடித்து. என்னைக் கட்டிப்பிடித்தாள். “பக்கத்து வீட்டுக் கென் சொன்னார், உங்கள் சைக்கிளை அவர்தான் கீழே தள்ளிக்கொண்டு போய் வைத்தாராம். நடைபாதை விஷயத்தில் அவர் கொஞ்சம் கடுமையானவர்” என்று சிரித்தாள். அந்த மழையில் அவ்வளவு பாரத்தை அவர் எனக்காகத் தள்ளினாரா, தன்னுடைய நடைபாதைக்காகத் தள்ளினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. பிறகு ஜூலி கைப்பையைத் திறந்தாள். “அந்தச் சைக்கிளுக்கு உங்களுக்கு நிறையச் செலவாகியிருக்குமே. எவ்வளவு?”

“ஐயோ, வேண்டாம், பரவாயில்லை” என்றேன்.

எங்கள் பக்கத்தில் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்காகச் சொல்வது. கொடுப்பவர் விடமாட்டார். சும்மா வெச்சிக்கோங்க என்பார், கையைப் பிடித்துத் திணிப்பார், நாம் இன்னொரு தடவை மறுப்போம், அவர் கோபித்துக்கொள்வார், அப்புறம்தான் வாங்குவோம். நான் அந்த இரண்டாவது தடவைக்காக நின்றேன். ஜூலி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நிச்சயமாகவா? நீங்கள் ஒரு தேவதை” என்றாள். கைப்பை டக்கென்று மூடியது. அந்தச் சத்தத்தோடு என் ஒரு நாள் கூலியும் அதற்குள் போய்விட்டது. இர்ஷாத்திடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வெள்ளைக்காரிக்கிட்ட ஒரு தரம்தான் சொல்லணும் புள்ள, அதுவும் ஓம் எண்டு சொல்லணும்!” நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கொஞ்சம் அழுதேன்.

ஐரீன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜூலியின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு இப்போது வேலை இல்லை. வாடகைச் சைக்கிளை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பழைய சைக்கிள் வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். வாங்கினேன். மூன்றாம் கிழமை களவு போய்விட்டது. ஆகவே இப்போதும் நிமிடங்களைத்தான் மொத்தமாக வாங்குகிறேன், பழுதாகும் முன் ஓடி முடிக்கிறேன்.

போன சனிக்கிழமை காலை, ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில், தரிப்பிடத்தில் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது இர்ஷாத்தின் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் அவர் முகம் இல்லை. திரை முழுவதும் வானமும் தென்னோலைகளும் ஆடின. அதற்கு நடுவே ஹனாவின் முகவாய், கீழேயிருந்து பார்த்தால் தெரிவதுபோல. போனைச் சைக்கிளின் முன் கூடைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் புறப்பட்டபோது அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பழக்குவது என் வேலையென்று சொல்லியிருந்தேன்.

“உம்மா, பாருங்க, தனியத்தான் ஓட்டுறன்! வாப்பா அங்கால தூரத்தில நிக்காரு!”

“மெல்ல மகள், மெல்ல. முன்னுக்குப் பாருங்க, என்னப் பாக்காதீங்க.”

“இப்ப திரும்பப் போறன், புடிச்சிக்கங்க!” என்று சிரித்தாள்.

வானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒரு மதில் ஓடியது, கடலின் வெளிச்சம் கொஞ்சம் அடித்து மறைந்தது. அவள் வளைவில் திரும்புகிறாள் என்று தெரிந்ததும் என் கைகள் தாமாகவே கைபிடியை வளைத்தன, என் வலது கால் மிதியை அழுத்திப் பிடித்தது. லண்டனின் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் சைக்கிள் அசையாமல் நின்றது. பயணத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. நிமிடங்கள் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, அவள் திரும்பி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.